நெய்யாற்றின்கரை அணியின் இளம் ஆட்டக்காரர்

போன சக்கைக் காலத்தில் சிட்னியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். அங்கே வென்ட்வொர்த்வில் பக்கம் வீடு. வந்த மறுநாளே பாறசாலை வீட்டுத் திண்ணையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, போனில் ரக்பி லீக் ஆட்டமாகக் காட்டத் தொடங்கினான். பக்கத்துக்கு 13 பேர். கழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் எல்லோருக்கும் தோள்தான் இருந்தது. ஒருவன் முட்டை மாதிரிப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான். மூன்று பேர் பாய்ந்து அவனைத் தரையில் சாய்க்கிறார்கள். அவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, பஸ்சுக்குக் காத்திருப்பவன்போல நிற்கிறான். இன்னொருவன் எடுத்து ஓடுகிறான். அவனையும் சாய்க்கிறார்கள்.

"இதுக்குச் சம்பளம் உண்டா மக்ளே?"

"பெரிய ஆட்டக்காரங்களுக்குக் கோடிக்கணக்கில உண்டு மாமா."

"சாய்க்கிறவனுக்கா, சாயுறவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

சட்டமும் சொன்னான். பந்தைக் கையால் முன்னுக்கு எறியக் கூடாது, பின்னுக்குத்தான் கொடுக்கலாம். ஆனால் போய்ச் சேர வேண்டியது முன்னுக்கு. எனக்குச் சில அரசு அலுவலகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. சொல்லவில்லை. ஆறு தடவை சாய்த்துவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 4 புள்ளி. 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி, இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்கிற ஊரில் ஒரு ஓட்டலில் கூடிப் பேசித்தான் இந்த ஆட்டம் தனிக்குடித்தனம் போனதாம்.

"அதுக்கு 172 வருஷம் முன்னாடியே நெய்யாத்தங்கரையில ஒரு பையன் இதை ஆடியிருக்கான். ஒப்பந்தத்தில கையெழுத்தும் போட்டிருக்கான்" என்றேன்.

அவன் போனை அணைத்துவிட்டான். கதை கேட்கிற பிள்ளை.

பையன் பெயர் மார்த்தாண்ட வர்மா, 1706இல் பிறந்தவர், அனிழம் திருநாள். பின்னாளில் குதிரை மேல் வாளோடு இருக்கிற படமெல்லாம் வந்துவிட்டது. நாம் பேசுவது அதற்கு முந்திய, குதிரை கிடைக்காமல் ஓடிய காலம்.

முதலில் ஆள் எடுப்பு. திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம். அப்பா பெரிய ஆட்டக்காரர் என்றால் மகனுக்கு அணியில் இடமில்லை. மாமா பெரிய ஆட்டக்காரராக இருந்தால்தான் மருமகனுக்குச் சட்டை. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். மருமகன் என் தொந்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மேல சொல்லுங்க" என்றான்.

மாமா ராம வர்மா 1724இல் பட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பப்புத் தம்பி, ராமன் தம்பி என்று இரண்டு மகன்கள். ராஜா வீட்டுச் சோறு, ராஜா வீட்டு வளர்ப்பு, எல்லாம் உண்டு. நாற்காலி மட்டும் அத்தை மகனுக்கு. உலகத்தில் எந்த வீட்டில் இதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்வார்கள்?

எதிரணி பலமான அணி. எட்டு வீட்டுப் பிள்ளைமார்: ராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், கழக்கூட்டம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், பள்ளிச்சல். பள்ளிச்சல் வழியாகத்தான் இன்றைக்கும் நம் பஸ் திருவனந்தபுரம் போகிறது. அந்த இடத்தில் எப்போதும் நெரிசலில் மாட்டி நிற்கும். பழைய பழக்கம். எட்டுப் பிள்ளைமாரோடு இரண்டு தம்பிமார் சேர்ந்தால் 10. நாடெங்கும் மாடம்பிமார் என்கிற நிலப்பிரபுக்கள் இருந்தார்கள். அதில் மூன்று பேரைக் கடன் வாங்கினால் 13 ஆள் தயார்.

நடுவர் குழு எது என்று கேட்டான் பையன். பத்மநாப சுவாமி கோயிலை நடத்திய எட்டரை யோகத்தைச் சொன்னேன். யோகத்தார் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு குரல். மகாராஜாவுக்கு அரை. நாட்டுக்கெல்லாம் ராஜா, கோயில் கூட்டத்தில் அரை ஆள். கோயில் நிலத்துக் குத்தகையைத் தண்டுகிற அதிகாரம் பிள்ளைமார் கையில். அரை ஓட்டை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? ஓடத்தான் முடியும்.

மாமா பட்டத்துக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே மருமகன் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். 1721இல் ஆற்றிங்கல் போன இங்கிலீஷ்காரர்கள் 140 பேர் அளவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ராணிக்குப் பரிசு கொடுக்கப் போன இடத்தில் இந்த மரியாதை. கம்பெனிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு பையனுக்குப் பிள்ளைமாரைச் சமாளிக்கப் பணமும் துப்பாக்கியும் வேண்டியிருந்தது. 1723இல் அஞ்சுதெங்குத் தளபதி அலெக்சாண்டர் ஓர்மோடு ஒப்பந்தம் ஆயிற்று. மன்னர் சார்பில் அதில் நின்றவருக்கு ஏட்டில் இருக்கிற பெயர் நெய்யாற்றின்கரை இளவரசர். வயது 17. இன்றைக்கு அந்த வயதில் பிளஸ் டூ பையன் பைக் லைசென்சுக்குக் காத்திருக்கிறான். இவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குளச்சலில் கோட்டை கட்ட இடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏஜென்ட் யாரு மாமா?"

"அம்மைதான். மருமக்கத்தாயத்தில வேற யாரு?"

ஒப்பந்தம் போட்டவுடன் பந்து கையில் வந்துவிடாது. வந்தாலும் நிம்மதி கிடையாது, எட்டுத் திசையிலிருந்தும் பாய்வார்கள். இந்த ஓட்டக் காலத்தில் இளவரசர் போட்ட வேஷங்களையும், படுத்த திண்ணைகளையும் சேர்த்து எண்ணினால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பழைய வீடு ஒன்றும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு வீட்டுக்காரரும், "இந்தக் கதவுக்குப் பின்னாலதான்" என்பார்கள். கதவு போன வருஷம் மாற்றியதாக இருக்கும்.

எல்லாவற்றிலும் பேர்போனது நெய்யாற்றின்கரைப் பிலாமரம். துரத்தி வந்தவர்கள் கிட்ட நெருங்கிவிட, ஒரு பெரிய பிலாமரத்தின் பொந்துக்குள் நுழைந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். துரத்தி வந்தவர்கள் மரத்தைச் சுற்றிப் போய்விட்டார்களாம். பெற்ற தாய்போலக் காத்ததால் அது அம்மச்சிப் பிலாவு. பொந்தைக் காட்டியது யார் என்பதில் மட்டும் ஊருக்கு ஊர் வழக்கு. சொல்லுகிறவரின் சாதியைப் பொறுத்துக் காப்பாற்றியவரின் சாதியும் மாறும். நான் இதுவரை நாலு சாதிக் கதை கேட்டிருக்கிறேன். நாலும் ஒரே மரம், ஒரே பொந்து. துரத்தினவர்கள் நாலு கதையிலும் ஒரே அளவு மடையர்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிலாமரத்தில் சாய்ந்தாலே சட்டை ஒட்டிக்கொள்ளும். சக்கை வெட்டக் கையில் எண்ணெய் தடவாமல் உட்காருகிறவனை வீட்டில் திட்டுவார்கள். அதற்குள்ளே போய்ப் பட்டு உடுத்த ஒரு இளவரசர் நின்றார் என்றால், வெளியே வந்தபோது மரத்தின் பாதி அவரோடு வந்திருக்க வேண்டும். எந்த வரலாற்றாசிரியரும் இதை விசாரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் சக்கை வெட்டியது வேறு யாரோ.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "பந்தோட கோட்டுக்கு வெளியே போனா பந்து எதிரணிக்கு மாமா. மரத்துக்குள்ள போறது அழுகுணி ஆட்டம்."

"மரம் களத்துக்கு உள்ளதானே நின்னுது? மரத்துக்குள்ள போகக் கூடாதுன்னு சட்டத்தில எங்க எழுதியிருக்கு?"

யோசித்துப் பார்த்து, எழுதவில்லை என்றான்.

ஓடி மட்டும் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். மருமகனின் யோசனை, மாமாவின் கையெழுத்து. 1726இல் திருச்சிராப்பள்ளி போய் மதுரை நாயக்கரோடு பேச்சு. வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டுவது, பதிலுக்கு 1,000 குதிரைவீரரும் 2,000 காலாளும் வருவது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு ரூபாய், குதிரை இலவசம். இந்த விலைக்கு இன்றைக்கு சிட்னியில் ஒரு பூட்ஸ் கயிறு கிடைக்காது. படையின் சாப்பாட்டுச் செலவும் சம்பளமும் பிறகு தனியாக வந்து கழுத்தைப் பிடித்தன என்பது வேறு விஷயம். வெளியூர் ஆட்டக்காரரை எடுத்த எல்லா அணிக்கும் நடப்பதுதான்.

1729இல் மாமா போனார். 23 வயதில் மருமகன் தலைவர். தம்பிமார் சும்மா இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளிக்குப் போய், நாற்காலி எங்களுடையது என்று முறையிட்டார்கள். அழகப்ப முதலியார் என்கிற அதிகாரி படையோடு நாகர்கோவில் வந்து விசாரித்தார். மருமக்கத்தாயம் என்பது இன்னதென்று அவருக்கு விளக்கியிருப்பார்கள். அப்பா நாற்காலி மகனுக்கு இல்லை என்பதை அவர் எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பார்! கடைசியில் தம்பிமாருக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இதற்கப்புறம் நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் பிடிபட்டுத் தூக்கில் தொங்கினார்கள். வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள். அந்த வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக் கடற்கரைத் துறைகளில் மீனவர்களிடம் ஒப்படைத்தார்கள். அது தண்டனையாம். ஒரு குடும்பத்தை அவமானப்படுத்த வேண்டுமானால் மீனவரிடம் கொடு என்பது அன்றைய அரண்மனைக் கணக்கு. அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. எங்களைத் தண்டனையாக வைத்திருக்கிறீர்களே என்று மீனவர்கள் கேட்க அங்கே மேடையும் இல்லை. ரக்பி லீக்கில் கழுத்தைப் பிடித்துச் சாய்த்தால்கூட ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றான் பையன். இங்கே விசில் யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பார்.

சில வருஷத்திலேயே அதே துறைக்காரர்களிடமே போய் நிற்க வேண்டி வந்தது. 1741இல் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து குளச்சலில் வந்து இறங்கினார்கள். மிளகு வியாபாரத் தகராறு. ஆகஸ்ட் 10ஆம் தேதி தோற்றுச் சரணடைந்தார்கள். எங்கள் கடற்கரையில் சொல்லுகிற கதையில் ராஜாவின் பீரங்கியைவிட மீனவர்களின் துடுப்புக்குத்தான் பெருமை. தோளில் துப்பாக்கிபோலத் துடுப்பைச் சாத்திக்கொண்டு கரை நெடுக வரிசையாக நின்றார்களாம். மாட்டுவண்டியில் பனந்தடியை ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினார்களாம். கப்பலில் இருந்தவன் குழல்கண்ணாடியில் பார்த்துவிட்டு, இத்தனை படையா என்று நடுங்கினானாம். கதைதான். ஆனால் யாரிடம் தள்ளிவிடுவதையே தண்டனையாக வைத்தாரோ, அவர்களுடைய தோளில்தான் அந்தக் கதையிலும் நாடு நிற்கிறது.

பையன் இந்த இடத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் கதையை முழுக்கச் சொன்னான். வட இங்கிலாந்தில் ஆடியவர்கள் சுரங்கக்காரர்கள், மில் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். கெட்ட கூலிக்கு 6 ஷில்லிங் கொடுங்கள் என்று கேட்டார்கள். லண்டன் கனவான்கள், விளையாட்டுக்குக் கூலியா, சீச்சீ என்றார்கள். கனவான்களுக்குச் சனிக்கிழமை கூலி என்று ஒன்று இருந்தால் அல்லவா தெரியும்? 22 கிளப்புகள் வெளியே வந்து தனி ஆட்டம் தொடங்கின. 15 பேர் ஆடியதை 1906இல் 13 ஆக்கினார்கள். குளச்சல்காரர்களுக்கும் அன்றைக்கெல்லாம் வலை நனைந்திருக்காது. கெட்ட கூலியை யார் கொடுத்தார்? கேட்பதற்கு அங்கே ஓட்டலும் இல்லை.

குளச்சலில் பிடிபட்டவர்களில் 25 வயது வாலிபர் ஒருவர், ஆராஸ் ஊரில் பிறந்த டிலனாய். அடுத்த கட்டம்தான் இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. தோற்ற அணியின் ஆட்டக்காரரை ஜெயித்த அணி அங்கேயே வைத்துக்கொண்டது. இவரே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியாளர் ஆனார், வலிய கப்பித்தான் என்று பெயரும் எடுத்தார். கனவான்கள் ஆடிய ரக்பி யூனியனிலிருந்து ஒருவன் காசுக்காக லீக் ஆடப் போனால் பழைய ஆட்டத்தின் வாசலையே மிதிக்கக் கூடாது என்று ஆயுள் தடை இருந்ததாம், 1995 வரைக்கும். டிலனாயும் திரும்பிப் போகவில்லை. 36 வருஷம் இங்கேயே ஆடி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் படுத்திருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர் உள்ளூர்ப் பாஷையில் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததை வேறு எந்த லீக்கிலும் நான் கேள்விப்படவில்லை.

பிறகு காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1750 ஜனவரி 3ஆம் தேதி கடைசி ஓட்டம். மார்த்தாண்ட வர்மா பத்மநாப சுவாமி சன்னதிக்குப் போய், ஒற்றைக்கல் மண்டபத்தில் உடைவாளைத் தரையில் வைத்து, நாடு முழுவதையும் பெருமாளுக்கே கொடுத்துவிட்டேன், இனி நான் பத்மநாபதாசன் என்றார். திருப்படிதானம்.

பையன் திண்ணையிலிருந்து எழுந்தே விட்டான். "கோட்டைத் தாண்டித் தரையில வச்சுட்டார்! 4 புள்ளி!"

அது மட்டுமா? இனி அவரைச் சாய்க்க வேண்டுமானால் பெருமாளைச் சாய்க்க வேண்டும். எட்டரை யோகத்தில் அரை ஓட்டோடு தொடங்கியவர், கோயில் தலைவரையே அணிக்கு முதலாளி ஆக்கி, தான் மானேஜராக உட்கார்ந்துகொண்டார். 27 வருஷம் முன்பு கம்பெனியோடு கையெழுத்துப் போட்ட பையனின் புத்தி கொஞ்சமும் மழுங்கவில்லை. போரில் சேர்ந்த பாவத்துக்குக் கழுவாயாக முறைஜபம் ஏற்படுத்தினார். 56 நாள் வேதம் ஓதுவார்கள், ஆறு வருஷத்துக்கு ஒரு முறை. இதிலும் ஆறுதான் கணக்கு. 1753இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டு ஒதுங்கினார்கள். 1758இல் ஆட்டக்காரர் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அவரைத் துரத்துவது அதோடு நிற்கவில்லை. 1891இல் சி.வி. ராமன் பிள்ளை நாவல் எழுதி மறுபடி ஓடவிட்டார். 1933இல் அதைப் பேசாப் படமாக எடுத்துத் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் போட்டார்கள். நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தகக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். படச்சுருளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமாரால் முடியாததை ஒரு புத்தகக் கடை செய்துவிட்டது. பிலாமரம் தேட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

களத்துக்குக் கோடு போட்டது 1956 நவம்பர் 1ஆம் தேதி. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துக்கு. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று தமிழர்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதனால் பாறசாலையில் இருக்கிற எங்கள் வீட்டில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு ரேஷன் கார்டை மலையாளத்தில் வாசிக்கிறோம். மார்த்தாண்ட வர்மா ஒளிந்த மரம் கேரளத்தில், அவர் ஆண்ட பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில், அந்த அரண்மனையின் சாவி மறுபடி கேரளத்தில். நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி தேவி திருவனந்தபுரம் புறப்படும்போது களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுக்கிறார்கள். ராத்தங்கல் நெய்யாற்றின்கரையில், அந்தப் பிலாமரம் நிற்கிற கிருஷ்ணன் கோயிலில்.

கடற்கரைத் துறைகளையும் அந்தக் கோடு இரண்டாக்கியது. இந்தப் பக்கம் பொழியூர், அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இரவிபுத்தன்துறை. மணல் ஒன்றுதான். 2018இல் கேரளம் சந்தோஷ் டிராஃபி வென்ற கால்பந்து அணியில் பொழியூர்ப் பிள்ளை சீசன் இருந்தார். இரவிபுத்தன்துறைப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரைக்கும் போனார், இந்தியச் சட்டையும் போட்டார். துறைக்காரப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஓடுவதற்குக் கூலியும் வாங்குகிறார்கள். துடுப்பைத் தோளில் சாத்தி நின்ற பாட்டன்மாருக்குக் கிடைக்காதது, வட்டியில்லாமல் கொஞ்சம் வருகிறது.

கதை முடிந்ததும் மரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பையன் அடம்பிடித்தான். போனோம். கோயில் வளாகத்தில் வேலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இலை இல்லை, சக்கை இல்லை, காய்ந்த அடிமரம். பையன் தன் தோளை இரண்டு கையாலும் அளந்து பார்த்தான். பிறகு பொந்தைப் பார்த்தான். "நான் போக மாட்டேன் மாமா" என்றான் வருத்தமாக. 17 வயசில போயிருப்பே என்றேன்.

வெளியே வந்து, நாக்கு ஊறி, ரோட்டோரம் ஒரு வருக்கைச் சக்கை வாங்கினோம். நல்ல நீளம், இரண்டு முனையும் கூம்பு. அவன் அதை இடது கக்கத்தில் மார்போடு இடுக்கி, வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தான். முள்ளுக்குப் பயந்து எல்லோரும் விலகினார்கள். ஒருத்தரும் சாய்க்கவில்லை. பாறசாலை பஸ்சில் ஏறிச் சக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கண்டக்டர் வந்தார். இரண்டு ஆளுக்கு டிக்கெட் கிழித்தார். சக்கையைப் பார்த்தார். இதுக்கு அரை டிக்கெட் வேணும் என்றார்.

"என்ன மாமா, சக்கைக்கு அரையா?"

"கொடு மக்ளே. மகாராஜாவுக்கே இங்க அரைதான்."